கல்லீரல் நோயில் தாதுக்களும் ஹார்மோன்களும்: ரத்தம் கொடுப்பது முதல் முடிவைப் படிப்பது வரை

ஏற்காட்டிலிருந்தும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் கல்லீரல் நோய்க்காகச் சேலத்துக்கு வருவோரிடம், பிலிருபின் (மஞ்சள் காமாலையில் உயரும் நிறமி), அல்புமின் (கல்லீரல் உருவாக்கும் ரத்தப் புரதம்) ஆகியவற்றுடன் துத்தநாகம், செம்பு, தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் அளவுகளையும் மருத்துவர் சில வேளைகளில் கேட்பதுண்டு. இவற்றுள் பெரும்பாலானவற்றை அல்புமினும் பிற கல்லீரல் அளவுகளும் அருகில் இல்லாமல் படிப்பதில் பயனில்லை. ஆகவே முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் இவை சேர்ந்திருக்கின்றன என்பதற்காக மட்டும் பணம் கட்ட வேண்டியதில்லை.

துத்தநாகம் உணவுக்குப் பின் குறையும். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். எனவே வெறும் வயிற்றோடு, காலை பத்து மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருபவர்கள் அடிவாரத்து டீயைத் தள்ளிப்போடட்டும், தண்ணீர் குடிக்கலாம். முடி வளர்ச்சிக்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரை தைராய்டு முடிவைத் திரித்துக் காட்டக்கூடும் என்பதால், அதைச் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறி, குறைந்தது இரண்டு நாட்களுக்கு நிறுத்த வேண்டும்.

சாதாரண டியூபின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கலந்துவிடலாம். நுண்தாதுக்களுக்கென உள்ள அடர்நீல மூடி டியூபைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பணுக்களுக்குள், சீரத்தை (அணுக்கள் நீங்கிய ரத்தத் திரவத்தை) விடப் பல மடங்கு துத்தநாகம் இருப்பதால், அணுக்கள் உடைந்த ரத்தம் பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும். மலையிலேயே ரத்தம் எடுத்தால், சீரத்தைப் பிரித்த பிறகே கீழே அனுப்ப வேண்டும். அதற்கு வசதியில்லையெனில் நேரில் சேலம் வந்து கொடுப்பதே மேல்.

துத்தநாகம் பெரும்பாலான ஆய்வகங்களில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 70 முதல் 120 மைக்ரோகிராம் வரை இயல்பு. அதன் பெரும்பகுதியைச் சுமப்பது அல்புமின். சிரோசிஸில் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோயில்) அல்புமின் குறையும்போது துத்தநாக அளவும் இறங்குகிறது. உண்மையான பற்றாக்குறையும் இந்நோயில் மிகுதி. மூளையைப் பாதிக்கும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் பணிக்குத் துத்தநாகம் தேவைப்படுவதால், மனக்குழப்பம் வரும் சிரோசிஸ் நோயாளிகளிடம் இந்த அளவு கவனிக்கத்தக்கது. எனினும் தாமாக மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. மிகையான துத்தநாகம் செம்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும்.

செம்பு பித்தநீர் வழியே வெளியேறுவது. பித்தம் தேங்கினால் ரத்தத்தில் உயரும். இளவயதில் காரணம் புலப்படாத கல்லீரல் நோய் இருந்தால், 1912-இல் விவரிக்கப்பட்ட வில்சன் நோயை நினைக்க வேண்டும். இந்நோயில் செம்பு கல்லீரலில் குவிந்தாலும் ரத்தத்தின் மொத்தச் செம்பு பெரும்பாலும் குறைவாகவே காணப்படும்; செம்பைச் சுமக்கும் ரத்தப் புரதமான செரூலோபிளாஸ்மின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால் ஐயம் வலுக்கும், 24 மணி நேரச் சிறுநீரில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு இருந்தால் மேலும் வலுக்கும். கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் செரூலோபிளாஸ்மினை உயர்த்தி நோயை மறைக்கக்கூடும். (செப்புக் குடத்து நீரால் வில்சன் நோய் வருவதில்லை, அது மரபணு நோய், ஆனால் நோய் உள்ளவர்கள் அந்நீரைத் தவிர்க்க வேண்டும்.)

தைராய்டில் டி3 (தைராய்டு ஹார்மோன்) மட்டும் தாழ்ந்து டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இயல்பாக இருந்தால், அது பெரும்பாலும் கல்லீரல் நோயின் விளைவே. ஆண்களுக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோன் அளவை மட்டும் பார்த்தால் போதாது. சிரோசிஸில் அதைப் பிணைக்கும் புரதம் உயர்வதால், கட்டற்ற (புரதத்துடன் பிணையாத) அளவையும் கேட்க வேண்டும்.

நுண்தாது முடிவுகள் வர நாட்கள் ஆகலாம். ரத்த வாந்தி, கருநிற மலம், பகலில் தூங்கி வழிதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், முடிவுக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.