கட்டைப்பையில் கிடந்த பிட்டுத் துணியில் ஒரு போர்வை

ரவிக்கை தைக்கிற வீட்டில் பிட்டுத் துணி சேராமல் இருக்காது. ஒவ்வொரு ரவிக்கையிலும் ஒரு விரல், இரண்டு விரல் அகலத்துக்கு மிஞ்சும். தூக்கிப் போட மனசு வராமல் கட்டைப்பையில் திணித்துக்கொண்டே வந்தேன். மூன்று பை நிறைந்ததும் அத்தை கேட்டார்: "இதை வச்சு என்னதான் பண்ணப் போறே?" அப்போது ஆரம்பித்ததுதான் இந்தப் பட்டிப் போர்வை.

முறை என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1930-களின் பொருளாதார மந்த காலத்தில் அமெரிக்கப் பெண்கள் பழைய செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி, அதன் மேல் துணிக் கீற்றுகளை வரிசையாகத் தைத்து, கடைசியில் தாளைக் கிழித்து எடுப்பார்கள். ஸ்ட்ரிங் க்வில்ட் என்று பெயர். நானும் முதலில் செய்தித்தாளில்தான் தைத்தேன். அயர்ன் செய்ததும் வெள்ளைத் துணியெல்லாம் மை அப்பிக்கொண்டது. தாளை இழுத்தால் தையலும் கூடவே வந்தது. நாலு கட்டத்தோடு அதை மூட்டை கட்டிவிட்டேன்.

இப்போது தாளுக்குப் பதில் பழைய வேட்டி. கிழிக்கிற வேலை இல்லை, அது உள்ளேயே இருந்துவிடும். அதனால் நடுவில் வைக்கப் பஞ்சு விரிப்பும் வாங்க வேண்டாம். மதுரை வெயிலில் பஞ்சு வைத்த போர்வையை யார் போர்த்துவார்கள்? ஒரு எட்டு முழ வேட்டியில் கரையையும் நைந்த இடத்தையும் ஒதுக்கினாலும் 10 இன்ச் சதுரம் 48 கிடைக்கும். ஆறுக்கு எட்டாக இணைத்தால் சுமார் 57-க்கு 76 இன்ச், ஒரு ஆள் போர்வை.

துணி பொறுக்குவதில் மட்டும் கறாராக இருங்கள். பருத்தி மட்டும்தான். சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள்: பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். அரக்கு, கருநீலம், சிவப்பை ஒரு ராத்திரி தனித்தனியாக ஊற வையுங்கள். ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டவே வேண்டாம். ஒரு சுங்குடித் துண்டை நம்பி ஒரு போர்வை முழுக்க ரோஸ் கலராகிப் போன அனுபவம் எனக்கு உண்டு.

பட்டிகள் ஒரே அகலத்தில் இருக்கத் தேவையில்லை. ஒன்றிலிருந்து இரண்டரை இன்ச் வரை எதுவும் சரி. நடுப்பட்டி மட்டும் எல்லாக் கட்டத்திலும் ஒரே நிறமாக இருக்கட்டும். நான் கறுப்பு டூ பை டூ ரவிக்கைத் துணி ஒரு மீட்டர் வாங்கி, ஒன்றரை இன்ச் அகலம், 15 இன்ச் நீளத்தில் 48 வெட்டிக்கொண்டேன். வாங்கியது அது ஒன்றுதான்.

வேட்டிச் சதுரத்தில் மூலைக்கு மூலை நடுப்பட்டியை நல்ல பக்கம் மேலே தெரிய வைத்துக் குண்டூசி குத்துங்கள். அதன் மேல் அடுத்த பட்டியைக் கவிழ்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கால் இன்ச் விட்டு அடியுங்கள். மூன்று அடுக்கும் தையலில் மாட்ட வேண்டும். பட்டியைத் திருப்பி நகத்தால் அழுத்தித் தேயுங்கள். (நான் டம்ளர் அடியால் தேய்ப்பேன், ஒவ்வொரு பட்டிக்கும் அயர்ன் பாக்ஸை நோக்கி யார் எழுந்து போவது.) திருப்பியதில் சுருக்கம் நின்றால் உடனே பிரித்துவிடுங்கள், அடுத்த பட்டி வந்தபிறகு அது போகாது. இப்படியே மூலை வரை, பிறகு மறுபக்கம். மூலைக்கு அகலமான பட்டியாக வையுங்கள். ஒல்லியாக வைத்தால் இணைக்கும்போது தையலுக்குள்ளேயே காணாமல் போய்விடும். முடிந்ததும் கவிழ்த்து, வேட்டியின் அளவுக்கே சுற்றிலும் கத்தரியுங்கள். பட்டி குறுக்கே ஓடினாலும் கட்டம் இழுபடாது, அடியில் வேட்டி நேர் இழையில் இருப்பதால்.

48-ம் முடிந்ததும் தரையில் பரப்புங்கள். நாலு கட்டத்தின் நடுப்பட்டிகள் சேர்ந்து ஒரு வைரமாக வருகிற மாதிரி திருப்பித் திருப்பி வையுங்கள். போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தவறு சட்டென்று தெரியும். அப்புறம் வரிசை வரிசையாக இணைத்து, தையலை இரண்டு பக்கமும் விரித்து அயர்ன் செய்துவிடுங்கள். ஒரே பக்கம் மடித்தால் மூலைகளில் ஊசி உடையும்.

அடிப்பக்கத்துக்குப் பழைய காட்டன் சேலை. 84 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு எடுத்து நீளவாட்டில் இணைத்தால் போதும். அதை நல்ல பக்கம் கீழே இருக்கத் தரையில் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, மேலே போர்வையை வைத்து ஒரு சாணுக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். இவ்வளவு பெரிய துணியை மிஷினுக்குள் சுருட்டி நுழைக்க என்னால் ஆகவில்லை. கட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் நடுவிலும் எம்பிராய்டரி நூலைக் குத்தி எடுத்து இரட்டை முடிச்சுப் போட்டுவிடுவேன். டிவி பார்த்துக்கொண்டே மூன்று நாளில் முடிந்துவிடும்.

கடைசியாக ஓரம். சேலையைச் சுற்றிலும் இரண்டு இன்ச் விட்டு வெட்டி, பாதியாக மடித்து, இன்னொரு மடிப்பு முன்பக்கம் திருப்பி அடித்தால் தனியாகப் பைப்பிங் வேண்டாம். முதல் அலசலில் ஈரம் குடித்து நன்றாகக் கனக்கும், ஒற்றைக் கொடியில் போட்டால் கொடி அறுந்துவிடும். இரண்டு கொடியில் பரத்திப் போடுங்கள்.