கேரேஜில் படகு வைக்கப் போகிறீர்களா? கதவுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படகு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது நீளம். 16 அடி என்று தெரிந்ததும், "நம்ம கேரேஜ் 20 அடி ஆச்சே, தாராளமாகப் போகும்" என்று முடிவு செய்துவிட்டு, நேராகக் கதவுக் கடைக்குப் போய் நிறம், டிசைன், ரிமோட் என்று பார்க்க ஆரம்பிக்கிறார்கள். வரிசையே தப்பு. டிரெய்லர், என்ஜின், முன்கண்ணாடி எல்லாவற்றோடும் அந்தப் படகு எப்படி உள்ளே நகர்ந்து வரும் என்று பார்த்து, அதை அளந்த பிறகுதான் கதவைப் பற்றிப் பேசவே வேண்டும்.

நீளத்தையே எடுத்துக்கொள்வோம். 16 அடி என்பது படகின் உடல் மட்டும். முன்னால் டிரெய்லரின் இழுவைக் கம்பி நீண்டிருக்கும், பின்னால் அவுட்போர்டு என்ஜின் தொங்கும். இரண்டும் சேர்ந்தால் சாதாரணமாக 19, 20 அடி ஆகிவிடும், அதற்கு மேல் ஒரு ஆள் சுற்றி வர இடமும் வேண்டும். ஒரு அடி, இரண்டு அடிதான் இடிக்கிறது என்றால் வழி இருக்கிறது. மடக்கக்கூடிய இழுவைக் கம்பி உள்ள டிரெய்லராகப் பார்த்து வாங்கலாம். என்ஜினையும் கவனியுங்கள்: தூக்கி வைத்தால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், இறக்கிவிட்டால் நீளம் குறையும். உள்ளே வரும்போது தரையில் உரசாதபடி தூக்கி வைத்திருந்து, டிரெய்லர் நின்றதும் செங்குத்தாக இறக்கிவிடுங்கள். என்ஜினுக்குள் தேங்கிய தண்ணீரும் வடிந்துவிடும். குளிர்காலத்தில் உறைபனி விழுகிற ஊர்களில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்து விரிந்தால் கியர் இருக்கும் அடிப்பாகமே விரிசல் விட்டுவிடும்.

உயரத்தில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். படகை டிரெய்லரில் ஏற்றி, டயரில் முழுக் காற்று இருக்கும்போது, காரில் மாட்டிய நிலையில் அளக்க வேண்டும். முன்பக்கம் ஜாக்கில் நிற்கும்போது ஒரு உயரம், காரில் மாட்டும்போது வேறொரு உயரம். அப்புறம் வாசல் சாய்வு. பாதை கேரேஜை நோக்கி மேலேறினால், பின்னோக்கித் தள்ளும்போது முதலில் நுழையும் பின்பகுதி மேல்நோக்கிப் பார்த்தபடி வரும், தூக்கி வைத்த என்ஜின், வாசல் நிலையின் மேல்விளிம்பில் இடிக்கும். பாதை கேரேஜை நோக்கிக் கீழே இறங்கினால் கார் மேட்டில் நிற்கும், படகின் முன்பக்கம் எழும்பும், முன்கண்ணாடி மாட்டும். சமதரையில் அளந்தபோது நான்கு அங்குலம் மிச்சம் இருந்ததே என்று அப்போது சொல்லிப் பயனில்லை.

கதவு 7 அடி என்றால், அந்த உயரமும் முழுதாக உங்களுக்குக் கிடைக்காது. மடிப்பு மடிப்பாக மேலேறிக் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும் கதவுகளில், கடைசிப் பலகையும் ரப்பர் விளிம்பும் பல இடங்களில் சில அங்குலம் கீழே தொங்கியபடியே நின்றுவிடும். கதவைத் தூக்கும் மோட்டாரிலிருந்து கூரையின் நடுவில் ஓடும் தண்டு வேறு, படகின் மிக உயரமான பாகத்துக்கு நேர் மேலே இருக்கும். அதனால் கதவை முழுக்கத் திறந்துவிட்டு, தொங்கும் பாகத்துக்கும் தரைக்கும் நடுவே டேப்பைப் பிடியுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் 8 அடி உயரம் வையுங்கள். நிலைக்கு மேல் போகிற உத்தரத்தைப் பிறகு உயர்த்துவது கட்டிட வேலை, கதவு மாற்றுகிற வேலையில் அது அடங்காது.

அகலத்துக்கு என் கருத்து, 9 அடிக்குக் குறைய வேண்டாம், முடிந்தால் 10. ஏழடி அகலப் படகு எட்டடிக் கதவில் நேராக வந்தால் நுழையும், இரு பக்கமும் ஆறு அங்குலம் இருக்கும். ஆனால் தெருவிலிருந்து வளைத்துப் பின்னோக்கித் தள்ளுகிறவர்களுக்கு அந்த ஆறு அங்குலம் போதவே போதாது. இரண்டு கார் கேரேஜ் என்றால் நடுவில் தூண் வைத்து இரண்டு சின்னக் கதவு போடாமல் 16 அடியில் ஒரே கதவு போட்டால், படகை மூலைக்கு மூலை குறுக்காக நிறுத்தியும் சமாளிக்கலாம்.

எந்த வகைக் கதவு? கயாக் (துடுப்புப் போடும் ஒடுங்கிய சின்னப் படகு) போன்றவற்றைக் கூரையில் தொங்கவிட நினைத்தால், சுருண்டு மேலேறும் ஷட்டர் நல்லது, கூரை முழுக்கக் காலியாக இருக்கும். ஆனால் அந்தச் சுருளுக்கு நிலைக்கு மேல் இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாசல் உயரத்தைத் தின்றுவிடும். டிரெய்லர் படகுக்கு, மடிப்புக் கதவில் தண்டவாளத்தைச் சுவரோடு உயர ஏற்றி, மோட்டாரைப் பக்கச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். கூடுதல் செலவுதான், ஆனால் நடுத்தண்டு பிரச்சினையே இருக்காது. ஒரே பலகையாக வெளியே எழும்பித் திறக்கும் கதவு படகுக்காரர்களுக்கு வேண்டாம்.

தானியங்கி மோட்டார் வைத்தால் இன்னொரு ஆபத்து. கதவின் இரு பக்கமும் இருக்கும் சென்சார் கண்கள் தரையிலிருந்து சுமார் ஆறு அங்குலத்துக்குள்தான் இருக்கும். அமெரிக்காவில் 1993 முதல் வீட்டுக் கேரேஜ் மோட்டார்களுக்குக் கட்டாயமான பாதுகாப்பு இது, குழந்தையோ நாயோ குறுக்கே வந்தால் கதவு திரும்ப மேலே போய்விடும். ஆனால் வாசலைத் தாண்டி நீட்டியிருக்கும் என்ஜினின் விசிறியோ இழுவைக் கம்பியோ அந்தக் கண்களுக்கு இடையே ஓடும் கதிருக்கு மேலே நிற்கும். சென்சாருக்குத் தெரியாது, கதவு நேராக அதன் மேல் இறங்கும். தரையில் ஒரு மரக்கட்டையைப் பதித்து, டயர் அதில் முட்டினால் கதவுக்கு இடம் இருக்கிறது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டை அழுத்திவிட்டு நடந்து போகாமல், கதவு முழுக்க மூடும்வரை நின்று பாருங்கள்.

கதவைத் தூக்க உதவும் ஸ்பிரிங் விஷயத்தில் கையை வைக்காதீர்கள். அது கதவின் எடைக்கு ஏற்ப முறுக்கப்பட்டது. வெப்பத் தடுப்புப் பலகை ஒட்டிக் கதவின் எடை கூடினால் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும், அதற்குப் பழகிய ஆள்தான் வேண்டும். உப்புத் தண்ணீரில் இறங்கிய டிரெய்லரைக் கழுவாமல் உள்ளே கொண்டுவந்தால் அந்த ஸ்பிரிங்கும் உருளைகளும்கூடச் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

டிரெய்லர் இல்லாத சின்னப் படகுகளுக்கு வருவோம். பிளாஸ்டிக் கயாக்கை இரண்டு முனைக் கைப்பிடிகளிலும் கயிறு கட்டித் தொங்கவிடுவது பரவலான தவறு, நாளடைவில் நடுவில் தொய்ந்து வளைந்துவிடும். அகலமான பட்டை போட்டு, முனைகளிலிருந்து சுமார் கால்பங்கு உள்ளே தள்ளித் தாங்குங்கள், பக்கவாட்டிலோ கவிழ்த்தோ வைத்தால் இன்னும் நல்லது. கொக்கியைக் கூரைப் பலகையில் அடிக்காமல், எடை தாங்கும் உத்தரத்திலேயே அடியுங்கள். காற்றடைக்கும் படகை மடிப்பு மடிப்பாக உலர்த்தாமல் சுருட்டினால் பூஞ்சைதான்.

பெரிய படகிலும் ஈரம்தான் எதிரி. அடியில் இருக்கும் வடிகால் பிளக்கைக் கழற்றி, முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் தாள் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், காற்று புகும் துணி உறை போதும்.

கடைசியாக, எரிபொருள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி மூலையில் இருக்கும் கேஸ் ஹீட்டரின் சின்னச் சுடர் வரைக்கும் போகும். கையில் தூக்குகிற டேங்க்கை வீட்டோடு ஒட்டிய கேரேஜில் வைக்கவே வேண்டாம், தனியாக ஒரு கொட்டகையில் வையுங்கள். பேட்டரியைக் கழற்றிக் காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள், அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். கதவு திறந்துதானே இருக்கிறது என்று என்ஜினை உள்ளேயே ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, வீட்டுக்குள் போகிற கதவு இடுக்கு வழியாகத் தூங்குகிறவர்களிடமே போய்ச் சேரும். ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் டிரெய்லரை வெளியே இழுத்து, தண்ணீர்க் குழாயை மாட்டி, அங்கேயே ஓட்டுங்கள்.