பப்பாளிக்காய் செய்த வேலை

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில், போன கிறிஸ்துமஸுக்குச் சிரட்டைக் கரியில் மாட்டிறைச்சி ஸ்டேக் சுட்டேன். இறைச்சி மெத்தென்று இருக்கட்டும் என்று பச்சைப் பப்பாளிக்காயை அரைத்துப் பூசி ராத்திரி முழுக்க ஊற வைத்ததுதான் தப்பு. காலையில் விரலால் தொட்டால் மேல்பக்கம் களி மாதிரி குழைந்தது. சுட்டபோது பாதி கம்பி வலையிலேயே ஒட்டிக்கொண்டது. பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் என்ற நொதி, இறைச்சியின் புரதத்தை உடைத்துக்கொண்டே போகும். நாம் தூங்கினாலும் அது தூங்காது.

அடுத்த தடவை பப்பாளி விழுது ஒரு டீஸ்பூன், அரை மணி நேரம், அவ்வளவுதான். கூடவே இடித்த நல்லமிளகு, பூண்டு, உப்பு. சுடும் முன் எல்லாவற்றையும் வழித்துவிட்டு, துணியால் ஈரம் போக ஒற்றி எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவினேன். ஈரம் இருந்தால் இறைச்சி அவியும், சிவக்காது. ஒரு அங்குலத் தடிமனான துண்டுக்கு ஒவ்வொரு பக்கமும் 4 நிமிடம். அப்புறம் 5 நிமிடம் ஆறவிட்டு வெட்டினேன்.

தொட்டுக்கொள்ளக் கடைச் சாஸ் எதுவும் வாங்கவில்லை. காந்தாரி மிளகாய், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), துளி புளி, உப்பு. அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைத்து மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய். மையாக அரைத்தால் ருசி போச்சு. பக்கத்தில் அவித்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. உருளைக்கிழங்கெல்லாம் இதன் கிட்டே வராது.

அம்மா ஒரு துண்டு மென்றுவிட்டு, “பல்லுக்கு இதமா இருக்கு மக்களே” என்றாள்.