பாலியில் கடற்கரைக் குதிரைச் சவாரி: முதன்முறை ஏறுகிறவர்களுக்குப் படிப்படியாக

நம்மில் நிறையப் பேருக்குக் குதிரை என்றால் மெரினாவில் ஒரு சுற்று, இல்லையென்றால் கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு சுற்று. குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார், நாம் மேலே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வோம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாலித் தீவில் வழிகாட்டியோடு போகிற கடற்கரைச் சவாரி வேறு மாதிரி. ஒரு மணி நேரம், சில இடங்களில் இரண்டு மணி நேரம்கூடப் போகும். கடிவாள வார் உங்கள் கையில் இருக்கும். வழியில் நெல் வயல், கோயில் வாசல், கறுப்பு மணல், அலை எல்லாம் வரும். குதிரை ஏறியே பழக்கமில்லாதவர்களும் போகலாம். நான் முதல் தடவை எதுவும் தெரிந்துகொள்ளாமல் போய், பயத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டு குதிரையின் பிடரியையே பார்த்தபடி இருந்துவிட்டுத் திரும்பினேன், பக்கத்தில் கடல் இருந்தது என்பதே அறைக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அது உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

படி 1: எந்தக் கடற்கரை, எந்த நேரம்

பாலியில் சவாரிக்குப் பேர்போன இடங்கள் தென்மேற்குக் கரையில் செமின்யாக், சாங்கு, அதற்கும் மேற்கே தபானான் பக்கம் யே கங்கா. கிழக்குப் பக்கம் கியான்யார் மாவட்டத்தில் சாபா. 'யே' என்றால் பாலி மொழியில் தண்ணீர், ஆக அந்த ஊர்ப் பெயரே கங்கை நீர்தான். யே கங்கா தென்மேற்கைப் பார்த்த கரை, அதனால் மாலைச் சவாரிக்கு நல்லது. சாபாவில் காலையில் கடலுக்கு மேல் சூரியன் எழுவதைப் பார்க்கலாம். முதல் தடவைக்கு எனக்குப் பிடித்தது யே கங்காவும் சாபாவும்தான், ஏனென்றால் செமின்யாக்கில் கூட்டம், நாய்கள், பந்து விளையாட்டு, மணலில் போட்ட குஷன்கள் என்று குதிரை மிரள்வதற்குக் காரணங்கள் அதிகம்.

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மழை குறைவு. ஜனவரி, பிப்ரவரியில் மழையோடு மேற்குக் கரையில் குப்பையும் நிறைய ஒதுங்கும், குளம்புக்கு அது நல்லதல்ல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலிக்காரர்கள் பெரிய பெரிய பட்டங்கள் விடுவார்கள், பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் தலைக்கு மேல் படபடக்கும் துணி சில குதிரைகளுக்கு ஆகாது. அந்த மாதங்களில் போகிறவர்கள் காலை நேரத்தைக் கேளுங்கள்.

கடல் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து முன்பதிவு செய்வது எல்லாவற்றையும்விட முக்கியம். அலை நனைத்துவிட்டுப் போன மணல் கெட்டியாக இருக்கும், குதிரை சிரமமில்லாமல் நடக்கும். கடல் ஏறியிருந்தால் மேலே இருக்கும் காய்ந்த, புதைகிற மணலில்தான் போக வேண்டும், அதில் ஒவ்வொரு அடிக்கும் குதிரையின் கால் தசைநார் இழுபடும், உங்களுக்கும் குலுக்கல் அதிகம். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாக இருக்கும். லாயத்துக்கு வாட்ஸ்அப்பில் "அன்றைக்குக் கடல் எப்போது வற்றும்?" என்று கேளுங்கள். சட்டென்று பதில் சொன்னால் அவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

உச்சி வெயில் வேண்டாம். கறுப்பு எரிமலை மணல் அடுப்புக்கல் மாதிரி சுடும். காலை 7 மணியை ஒட்டியோ மாலை 4 மணிக்கு மேலோ போங்கள். ஆண்டு முழுக்கவே அங்கே மாலை 6 மணிக்குக் கொஞ்சம் பின்னால் இருட்டத் தொடங்கிவிடும். அப்புறம் ந்யெபி என்கிற மௌன நாள், பெரும்பாலும் மார்ச்சில் வரும், அன்று விமான நிலையம்கூட 24 மணி நேரம் மூடியிருக்கும், யாரும் வெளியே வரக் கூடாது. அதற்கு முந்திய சில நாட்களில் மெலாஸ்தி என்று சாமி சிலைகளையும் கோயில் பொருள்களையும் கடற்கரைக்கு எடுத்துவந்து சுத்தி செய்வார்கள். அந்த வாரம் பாலிக்குப் போவதென்றால் மெலாஸ்தி ஊர்வலத்தைப் பாருங்கள், சவாரியை வேறு வாரத்துக்கு வையுங்கள்.

படி 2: கடலைப் பார்க்கும் முன் குதிரையைப் பார்ப்பது

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. இணையத்தில் எல்லா லாயத்துப் படங்களும் ஒன்றுபோலவே இருக்கும், அந்திச் சூரியன், வெள்ளைக் குதிரை. முடிந்தால் முந்தின நாளே நேரில் போய்விடுங்கள். குதிரையின் விலா எலும்பைத் தனித்தனியாக எண்ண முடிகிறதா, சேணம் உட்காரும் இடத்திலும் வயிற்றுப் பட்டை உரசும் இடத்திலும் புண்ணோ முடி உதிர்ந்த தடமோ இருக்கிறதா, குளம்பு வெடித்திருக்கிறதா, நிழலும் நல்ல தண்ணீரும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒரு தடவை பணம் கட்டிவிட்டு லாயத்துக்குள் போனேன், எனக்கென்று நிறுத்தியிருந்த குதிரையின் முதுகில் சேணத்துணிக்கு அடியில் உள்ளங்கை அகலப் புண். துணியை நகர்த்திப் பார்த்ததால்தான் தெரிந்தது. ஏறவில்லை. பணம் திரும்ப வரவில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை, அந்தக் குதிரை அன்றைக்கு இன்னும் எத்தனை பேரைச் சுமந்ததோ என்பதுதான் இன்றும் மனதில் நிற்கிறது.

உங்கள் எடையைக் கேட்கிறார்களா என்பது அடுத்த அளவுகோல். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது குதிரை வளர்ப்பவர்கள் பரவலாக வைத்திருக்கும் கணக்கு. பாலி லாயங்களில் நீங்கள் பார்க்கும் சிறிய குதிரைகள் பெரும்பாலும் சும்பா தீவின் சாண்டல்வுட் இனம், ஒரு காலத்தில் அந்தத் தீவிலிருந்து ஏற்றுமதியான சந்தன மரத்தால் வந்த பெயர். சுறுசுறுப்பான, உறுதியான குதிரைகள்தான், ஆனால் உருவம் சிறிது. 250 கிலோ எடையுள்ள குதிரை என்றால் கணக்குப்படி 50 கிலோதான் ஏற்றலாம், அதிலும் சேணத்தின் எடை உண்டு. ஆகவே 80 கிலோ ஆளுக்குப் பெரிய குதிரை வேண்டும். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை, சரியான குதிரையைக் கொடுப்பதற்காகத்தான் கேட்கிறார்கள். கேட்கவே இல்லையென்றால் அந்த லாயம் வேண்டாம்.

ஹெல்மெட் தருகிறார்களா, எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, அவர் நடந்து வருவாரா வேறொரு குதிரையில் வருவாரா, புதியவர்களுக்கு முன்கயிறு பிடிப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் குதிரைச் சவாரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், நிறைய பாலிசிகளில் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளும், முதுகுத்தண்டில் கோளாறு உள்ளவர்களும் ஏற வேண்டாம்.

படி 3: உடுத்துவது

நீளமான, கொஞ்சம் இழுபடும் பேன்ட். அரைக்கால் சட்டை போட்டால் முழங்காலின் உட்பக்கம் உரசி உரசித் தோல் போய்விடும், அதில் உப்புத் தண்ணீர் பட்டால் எரிச்சல் தாங்காது. பாதத்தை மூடும் ஷூ, குதிகால் சற்றே உயர்ந்ததாக இருந்தால் கால் அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும், பாதம் வைக்கிற இரும்பு வளையம்) முழுக்க நழுவாது. செருப்பு வேண்டவே வேண்டாம். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, வளையல், மோதிரம் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். கூந்தலைக் கழுத்துக்கருகில் தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள், உச்சிக்கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. சன்ஸ்கிரீன் தடவிய பிறகு உள்ளங்கையை நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வார் வழுக்கும்.

படி 4: அருகே போவதும் ஏறுவதும்

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும், நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும்தான் தெரியாது. ஆகவே பின்பக்கமாகப் போகாதீர்கள். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போய்க் கழுத்தில் தடவிக்கொடுங்கள். தமிழிலேயே பேசலாம், குரல்தான் அதற்கு வேண்டும். காது முன்னால் விறைத்திருந்தால் எதையோ கவனிக்கிறது, இரண்டும் பின்னால் போய்க் கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் கோபம், விலகி நில்லுங்கள்.

வழிகாட்டியின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இளைஞராக இருந்தால் 'ப்ளி' என்று கூப்பிடலாம், பாலி மொழியில் அண்ணன். 'பெலான் பெலான்' என்றால் மெதுவாக. "பெலான் பெலான், ப்ளி" என்று சொன்னால் போதும், வேகத்தைக் குறைத்துவிடுவார். எனக்கு அந்த ஒரு வரிதான் அன்று முழுக்கக் கைகொடுத்தது.

ஏறும் முன் வயிற்றுப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கவடியின் நீளத்துக்கு ஒரு சுலபமான அளவு உண்டு. அங்கவடியைத் தாங்கும் வார் சேணத்தில் மாட்டியிருக்கும் மேல் முனையில் விரல் நுனியை வைத்துக் கையை நீட்டினால் கீழே இருக்கும் இரும்பு அக்குளைத் தொட வேண்டும். ஏறுவது இடது பக்கத்திலிருந்து. இடுப்பில் இடப்பக்கம் வாள் கட்டிய வீரர்களின் பழக்கம் என்பார்கள், குதிரைகளும் அப்படியே பழகியிருக்கின்றன. இடது கையில் வாரோடு ஒரு பிடி பிடரி மயிரையும் சேர்த்துப் பிடியுங்கள், அதற்கு வலிக்காது. இடது காலை வைத்து எழும்பி, வலது காலைப் பின்முதுகில் இடிக்காமல் தாண்டிப் போட்டு, தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காருங்கள். திண்ணையோ ஏறுபடியோ இருந்தால் அதிலிருந்து ஏறுவதே குதிரையின் முதுகுக்கு நல்லது.

படி 5: உட்காருவது, நடத்துவது, நிறுத்துவது

காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில். அங்கவடியில் முன்பாதம் மட்டும், குதிகால் கீழே அழுந்தி இருக்க வேண்டும். இந்தக் குதிகால் விஷயத்தை வழிகாட்டி பத்துத் தடவை சொல்வார், பத்துத் தடவையும் கேளுங்கள். குதிகால் மேலே வந்தால் உடம்பு முன்னால் சாயும், கால் உள்ளே நழுவும், விழுந்தால் கால் மாட்டிக்கொள்ளும், அதுதான் பெரிய ஆபத்து. வாரைப் பூத்தொடுக்கும்போது நாரைப் பிடிப்போமே, அந்த அளவுக்குப் பிடியுங்கள், தளரவும் கூடாது, அறுகிற மாதிரி இழுக்கவும் கூடாது. அதன் மறுமுனை குதிரையின் வாயில் இருக்கிறது.

கிளம்ப, கெண்டைக்காலால் வயிற்றை லேசாக அழுத்துங்கள். திரும்ப, முதலில் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்து வாரைச் சற்றே விலக்குங்கள். நிறுத்த, மூச்சை நீளமாக விட்டு, உடம்பைச் சேணத்தில் கனமாக்கி, வாரை மெல்லப் பின்னால் கொண்டுவந்து, நின்றதும் தளர்த்திவிடுங்கள். லாயத்துக்குள்ளேயே நான்கைந்து முறை நிறுத்திப் பாருங்கள். நிறுத்தத் தெரிந்த பிறகுதான் வெளியே போவேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மிரண்டு ஓடினால் இரண்டு வாரையும் சேர்த்து இழுக்காதீர்கள், ஒரு பக்க வாரை மட்டும் படிப்படியாக முழங்கால் பக்கம் கொண்டுவந்தால் அது வட்டமாகத் திரும்பி வேகம் குறையும்.

படி 6: மணலில்

முன்னால் போகும் குதிரைக்கும் உங்களுடையதற்கும் இடையே ஒரு குதிரை நீளமாவது இடம் விடுங்கள். வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் அது உதைக்கும் குதிரை. கரையில் தென்னங்குருத்துத் தட்டில் பூவும் அரிசியும் வைத்த சானாங் என்கிற படையல்கள் இருக்கும், அதன் மேல் குளம்பு படாமல் ஓட்டுங்கள்.

துள்ளு நடை போகலாமா என்று கேட்பார்கள். கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள், குலுக்கும்போது வாரில் தொங்காமல் பிடரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாய்ச்சல் முதல் தடவையில் வேண்டாம். கடற்கரையில் ஒரு குதிரை பாய்ந்தால் மற்றவையும் கூடவே பாயப் பார்க்கும், உங்களால் அப்போது ஒன்றும் செய்ய முடியாது. போன் ஜிப் வைத்த பையில் இருக்கட்டும், படத்தை வழிகாட்டி எடுத்துக் கொடுப்பார்.

படி 7: தண்ணீரில்

பழகிய குதிரை முன்னால் போக, உங்களுடையது பின்னால் போகட்டும். கணுக்கால் ஆழம் போதும். கீழே பார்க்காதீர்கள், நுரை பின்வாங்கும்போது தரையே நகர்வது போலத் தோன்றித் தலை சுற்றும். தூரத்தில் ஒரு மரத்தைப் பார்த்தபடி போங்கள். இன்னொன்று, குதிரை நின்று முன்காலால் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தால் விளையாடுகிறது என்று ரசித்துக்கொண்டிருக்க வேண்டாம். பல நேரம் அது படுத்துப் புரளப்போகிறது என்பதற்கான அறிகுறி. உடனே காலால் அழுத்தி நடக்க வையுங்கள், தலையைக் கீழே போக விடாதீர்கள்.

படி 8: இறங்கிய பிறகு

இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு, முன்னால் சாய்ந்து, வலது காலைத் தாண்டிப் போட்டு இடது பக்கம் வழுக்கி இறங்குங்கள். முழங்கால் ஒரு நிமிடம் தளரும், சேணத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். உடனே போட்டோ பார்க்க ஓடிவிடாமல் குதிரையோடு ஐந்து நிமிடம் இருங்கள். வயிற்றுப் பட்டையைத் தளர்த்துவார்கள், நல்ல தண்ணீர் ஊற்றி உப்பையும் மணலையும் கழுவுவார்கள். கழுவாமல் விட்டால் சேணத்துக்கு அடியில் மணல் உரசிப் புண்ணாகும், நான் பார்த்த அந்தப் புண்கூட அப்படித் தொடங்கியிருக்கலாம். நீங்களும் ஒரு வாளி ஊற்றலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே குழாயைக் கொடுத்துவிடுவார்கள். கேரட் கொடுப்பதாக இருந்தால் உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலையும் ஒட்டி வைத்துக் கொடுங்கள்.

மறுநாள் உள்தொடை நன்றாகவே வலிக்கும். அதிகாலையில் பத்தூர் எரிமலை ஏறும் திட்டம் இருந்தால் அதை ஒரு நாள் தள்ளி வையுங்கள்.