பழைய ரிசீவர், புது டிவி, நடுவில் ஒரு 'ம்ம்ம்'

மூன்று வாரம் ஒரு ஹம் சத்தத்தோடு குடித்தனம் நடத்தினேன். 1970களில் செய்த ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி), இசைத்தட்டு சுழற்றும் ஒரு டர்ன்டேபிள், ஒரு ஜோடி ஸ்பீக்கர், சுவரில் மாட்டிய புது டிவி. நான்கையும் ஒன்றாக இணைத்த அன்று தொடங்கியது அந்த 'ம்ம்ம்'. பாட்டு ஓடும்போது தெரியாது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் வரும் அமைதியில்தான் தலைகாட்டும். அதை எப்படிப் பிடித்தேன், வழியில் எங்கெல்லாம் சறுக்கினேன் என்று வரிசையாக எழுதுகிறேன். ஆர்சிஏ கேபிளில் சிவப்பு வலது, வெள்ளை இடது என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

படி 1: பிளக்கைச் செருகும் முன்

ரிசீவரின் பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது, படியுங்கள். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த பெட்டியை 230 வோல்ட்டில் செருகினால் கதை அங்கேயே முடிந்தது. சில மாடல்களில் வோல்ட்டேஜை மாற்ற ஒரு திருகு இருக்கும். முன்பு வைத்திருந்தவர் அதை எங்கே விட்டுவைத்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வருடக்கணக்கில் பரணில் கிடந்த பெட்டி என்றால், முதல் முறை நேராகக் கரண்ட் கொடுக்காதீர்கள். மெக்கானிக்குகள் ஒரு பழைய குண்டு பல்பை சீரீஸில், அதாவது பெட்டிக்குக் கரண்ட் போகும் வழியிலேயே, போட்டுத்தான் ஆன் செய்வார்கள். பல்பு ஒரு கணம் பிரகாசமாக எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. மின்வேலை பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து, ஸ்பீக்கரை மாட்டாமல், வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே வேண்டாம், காயில் கருகிவிடும்.

வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று கேட்டால் பயப்பட வேண்டாம், உள்ளே அழுக்கு, அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரானிக்ஸுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, குமிழை இருபது முப்பது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். துரு நீக்கும் பொதுவான ஸ்பிரேயை மட்டும் அடிக்காதீர்கள். அன்றைக்குச் சரியானது மாதிரி இருக்கும், அப்புறம் தூசியை வா வா என்று கூப்பிடும்.

படி 2: ஸ்பீக்கர்

சிவப்பைச் சிவப்போடு, கறுப்பைக் கறுப்போடு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் சத்தம் வரும், ஆனால் பேஸ் காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்துவிடுவார். எந்த முனை பாசிட்டிவ் என்று அழிந்துபோயிருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) வெளியே தள்ளினால், பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் சிவப்பு.

ஒயர் விஷயத்தில் என் கருத்து: நல்ல தடிமனான சுத்தச் செம்பு போதும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதை வாங்காதீர்கள். பட்டு உறை போட்ட விலையுயர்ந்த ஒயருக்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தில் இசைத்தட்டு வாங்கலாம்.

படி 3: எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லை

இங்கே ஒரு மாலைப்பொழுது போனது. விளக்கு எரிகிறது, மீட்டர் முள் ஆடுகிறது, ஸ்பீக்கர் மௌனம். குற்றவாளி 'டேப் மானிட்டர்' என்ற ஒரு பட்டன். டேப் ரெக்கார்டர் இருந்த காலத்து ஏற்பாடு அது. பட்டன் அழுந்தியிருந்தால் ரிசீவர் நீங்கள் தேர்ந்தெடுத்த இன்புட்டை விட்டுவிட்டு, டேப்பிலிருந்து திரும்பி வரும் சத்தத்துக்காகக் காத்திருக்கும். டேப்பே இல்லாத வீட்டில் அது எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் வராது. பட்டனை விடுவித்தேன், பாடியது.

அதிலும் சரியாகவில்லை என்றால் பின்பக்கம் பாருங்கள். சில ரிசீவர்களில் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்ற துளைகளை யு வடிவக் கம்பிகள் இணைத்திருக்கும். வீடு மாற்றும்போது அவை கழன்று விழுந்திருக்கலாம். ஒரு சின்ன ஆர்சிஏ கேபிள் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

படி 4: டர்ன்டேபிள் ஃபோனோவில் மட்டும்

எம்எம் (மூவிங் மேக்னட்) வகைக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி மாட்டிய தலை, தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். அதனால்தான் ஃபோனோ இன்புட்டுக்கென்று உள்ளே தனி ஆம்ப் இருக்கிறது. சத்தத்தைப் பெரிதாக்குவதோடு அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. இசைத்தட்டை வெட்டும்போது பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் தடம் அகலமாகி, தட்டில் கொஞ்ச நேரப் பாட்டுதான் அடங்கும். அந்த மாற்றத்தைத் தலைகீழாகத் திருப்பி நேராக்குவது ஃபோனோ ஆம்ப். 1950களின் நடுவிலிருந்து ஆர்ஐஏஏ என்ற ஒரே அளவுமுறையைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறார்கள்.

டர்ன்டேபிளை ஆக்ஸில் (டிவி, சிடி போன்றவற்றுக்கான சாதாரண இன்புட்) செருகினால் தகர டப்பாவுக்குள் எறும்பு பாடுவது மாதிரி கேட்கும். சிடி பிளேயரை ஃபோனோவில் செருகினால் காது கிழியும். புது டர்ன்டேபிள்கள் சிலவற்றில் ஃபோனோ ஆம்ப் உள்ளேயே இருக்கும், பின்னால் ஒரு ஸ்விட்ச்சும் இருக்கும். ரிசீவரின் ஃபோனோவில் செருகுவதாக இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

படி 5: அந்த 'ம்ம்ம்'

டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ரிசீவரின் பின்னால் உள்ள 'கிரவுண்ட்' திருகில் மாட்ட வேண்டும். ஹம் தொல்லைகளில் பாதி இதிலேயே ஓய்ந்துவிடும். எனக்கு ஓயவில்லை.

நான் செய்த தப்பு, வயசான டர்ன்டேபிள்தான் காரணம் என்று முதல் நாளே தீர்ப்பு எழுதியது. கேபிளை மாற்றினேன், கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்டினேன், டர்ன்டேபிளை ரிசீவரை விட்டுத் தள்ளி வைத்தேன். ஒரு பயனும் இல்லை. பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இந்த வரிசையில் போங்கள்:

வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஹம் கூடவே ஏறி இறங்கவில்லை என்றால், கோளாறு ரிசீவரின் பவர் சப்ளை பக்கம். பெரும்பாலும் காய்ந்துபோன ஃபில்டர் கெப்பாசிட்டர்கள். அது மெக்கானிக் வேலை. பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றில் கரண்ட் தேங்கியிருக்கும், கை வைக்காதீர்கள்.

ஏறி இறங்கினால், இன்புட் குமிழை ஃபோனோவிலிருந்து ஆக்ஸுக்கு, ட்யூனருக்கு என்று மாற்றிக் கேளுங்கள். ஃபோனோவில் மட்டும் என்றால் டர்ன்டேபிள் பக்கம். எல்லாவற்றிலும் என்றால், டர்ன்டேபிள்மேல் பழி போடாதீர்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் இருந்தது. அடுத்து, பின்னாலுள்ள கேபிள்கள் அத்தனையையும் கழற்றினேன், ஸ்பீக்கரைத் தவிர. அமைதி. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினேன். (ஒவ்வொரு முறையும் ரிசீவரை அணைத்துவிட்டு. இல்லாவிட்டால் 'டப்' என்று ஸ்பீக்கரை உதைக்கும்.) டர்ன்டேபிள், அமைதி. டிவியிலிருந்து வரும் ஆர்சிஏ கேபிள், 'ம்ம்ம்'.

டிவியும் குற்றவாளி இல்லை. டிவியோடு செட்டாப் பாக்ஸ், செட்டாப் பாக்ஸோடு வெளியிலிருந்து வரும் கேபிள் ஒயர். அந்தத் தடித்த ஒயரின் உலோக உறை வெளியே எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. என் வீட்டு எர்த் வேறு இடத்தில். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் வோல்ட்டேஜ் வித்தியாசம் இருந்தால் போதும், ஆர்சிஏ கேபிளின் உறை வழியாகக் கரண்ட் ஓடி, மெயின்ஸின் 50 ஹெர்ட்ஸை ஸ்பீக்கருக்குள் கொண்டுவந்துவிடும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான். வெளியிலிருந்து வந்த ஒயரைத் திருகிக் கழற்றினேன், மூன்று வாரச் சத்தம் அந்த நொடியில் நின்றது.

பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் ஹம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான். கூடவே, பெட்டியில் கசிவு வந்தால் உங்களைக் காப்பாற்றுவதும் போய்விடும். செய்யாதீர்கள்.

படி 6: வெளிச்சத்தில் அனுப்புங்கள்

கேபிள் ஒயரைக் கழற்றியே வைத்திருக்க முடியாதே. அதனால் டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து, டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஆக்கும் ஒரு சின்ன டிஏசி பெட்டி, அதிலிருந்து ஆர்சிஏ வழியாக ரிசீவரின் ஆக்ஸ். ஆப்டிகல் என்பது தோஷிபா 1983-ல் கொண்டுவந்த இணைப்பு. உள்ளே போவது ஒளி, உலோகத் தொடர்பே கிடையாது. லூப் அறுந்துவிடும்.

மாட்டினேன். மறுபடியும் மௌனம்! இரண்டு காரணங்கள், இரண்டும் சில்லறை. ஒன்று, கேபிள் முனையில் இருந்த கண்ணாடி நிற பிளாஸ்டிக் மூடியை நான் கழற்றவில்லை. இன்னொன்று, டிவியின் ஆடியோ செட்டிங்கில் 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ஆட்டோ' இருந்தால் டால்பி சிக்னல் போகும். சாதாரண ஸ்டீரியோ டிஏசிக்கு அது புரியாது. 'பிசிஎம்' என்று மாற்றுங்கள்.

எச்டிஎம்ஐ ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் ஏற்பாடு) உள்ள டிஏசிகளும் உண்டு. டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம் என்பது அதன் வசதி. டிவியில் 'ஏஆர்சி' என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும். ஆனால் எச்டிஎம்ஐ செம்பு ஒயர், லூப் திரும்பி வர வழி திறந்தே இருக்கும். இரண்டே ஸ்பீக்கர் என்றால் நான் ஆப்டிகல் பக்கம்தான்.

பின்னர் சேர்த்தது

ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஹம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ரிசீவரின் பின்னால் டர்ன்டேபிளின் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் செருகச் சொன்னேன். ஹம்மும் பக்கம் மாறியது, ஆகவே ரிசீவர் நிரபராதி. கார்ட்ரிட்ஜின் பின்னாலுள்ள நான்கு மெல்லிய ஒயர்களில் பச்சை கழன்று தொங்கியிருக்கிறது. சிவப்பும் பச்சையும் வலது, வெள்ளையும் நீலமும் இடது.

டிவியில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். டிவியின் ஆடியோ டிலே செட்டிங்கை முதலில் பூஜ்யத்தில் வைத்துவிட்டு அங்கிருந்து நகர்த்துங்கள்.

சத்தத்தைக் கூட்டினால் 'டிக்' என்று ரிசீவர் தானே அணைந்துவிடுகிறது என்றவருக்கு: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஸ்பீக்கர் முனையில் ஒரே ஒரு செம்பு இழை, சிவப்பிலிருந்து கறுப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த ஷார்ட்தான் காரணம்.