பீம் கணக்கில் பிழை நுழையும் இடம்

ஸ்டேடிக்ஸில், அதாவது அசையாமல் நிற்கும் பொருள்களின் விசைக் கணக்கில், ஒரே தளத்தில் அமைந்த விசைகளுக்குச் சமன்பாடுகள் மூன்றுதான். கிடைவிசைகளின் கூட்டுத்தொகை, செங்குத்து விசைகளின் கூட்டுத்தொகை, ஏதேனும் ஒரு புள்ளியைச் சுற்றிய திருப்புத்திறன்களின் (விசை × அதன் செங்குத்துத் தூரம்) கூட்டுத்தொகை: மூன்றும் சுழி. இவற்றை யாரும் மறப்பதில்லை. விடை தவறுவது அதற்கு முன்பே, ஃப்ரீ பாடி டயகிராம் (பொருளைத் தனியாகப் பிரித்து, அதன்மேல் செயல்படும் எல்லா விசைகளையும் காட்டும் படம்) வரையும்போது.

6 மீட்டர் பீம் ஒன்று, இரு முனைகளிலும் தாங்கி. இடது முனையிலிருந்து 4 மீட்டர் தூரத்துக்கு, மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் யுடிஎல், அதாவது சீராகப் பரவிய சுமை. 5 மீட்டரில் 8 கிலோநியூட்டன் பாயின்ட் லோடு, அதாவது ஒரே புள்ளியில் விழும் சுமை. யுடிஎல்லின் மொத்தச் சுமை 40. அதை வைக்க வேண்டிய இடம் சுமை பரவிய நீளத்தின் நடு, அதாவது 2 மீட்டர். பலர் பீமின் நடுவான 3 மீட்டரில் வைத்துவிடுகிறார்கள். சரியாக வைத்தால் இடது தாங்கியைச் சுற்றி 40×2 + 8×5 = 120. அதை 6 ஆல் வகுக்க, வலது எதிர்விசை (தாங்கி பீமுக்குத் திருப்பித் தரும் விசை) 20. மீதி 28 இடதில். தவறாக வைத்தால் வலதில் 26.67, இடதில் 21.33.

இரண்டு விடைகளையும் கூட்டிப் பாருங்கள், 48 தான் வரும். வலது தாங்கியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தாலும், அதே தவறான படத்தை வைத்து எடுத்தால் ஒத்துப்போகும். படத்தில் உள்ள பிழையைச் சமன்பாடு காட்டிக்கொடுக்காது. சுமையில் பெரும்பகுதி இடப்பக்கம் இருப்பதால் இடது தாங்கிதான் அதிகம் சுமக்க வேண்டும் என்று கணக்கைத் தொடங்குமுன் ஓரத்தில் எழுதிவையுங்கள். பிழை அங்கே பிடிபடும்.

யுடிஎல்லை ஒரு புள்ளியில் குவிப்பது எதிர்விசை காண மட்டுமே. வளைவுத் திருப்புத்திறனுக்காக (பீமை வளைக்கும் உள் திருப்புத்திறன்) 2 மீட்டரில் பீமை வெட்டினால், வெட்டுக்கு இடப்புறம் இருப்பது 20 கிலோநியூட்டன், அதன் நடு 1 மீட்டரில். ஆக 28×2 − 20×1 = 36 கிலோநியூட்டன் மீட்டர். குவித்த படத்தையே வெட்டினால் 56 வரும். இந்தப் பீமில் வளைவுத் திருப்புத்திறன் எங்குமே 39.2க்கு மேல் போகாது.

தாங்கிகளில், ரோலருக்கு (உருண்டு நகர விடும் தாங்கி) ஓர் எதிர்விசை, பின் தாங்கிக்கு (pin: சுழல விடும், நகர விடாது) இரண்டு. நகரவும் சுழலவும் விடாத ஃபிக்ஸட் முனைக்கு இவற்றோடு ஒரு திருப்புத்திறனும் உண்டு. ஒரு முனை மட்டும் ஃபிக்ஸட் ஆன கேன்டிலீவரில் அதை விட்டுவிட்டால் கணக்குக்கு விடையே கிடைக்காது. இரு முனையும் ஃபிக்ஸட் என்றால் தெரியாதவை 6, சமன்பாடுகள் 3. வேறு புள்ளியில் நான்காவதாகத் திருப்புத்திறன் எடுப்பதால் புதிதாக எதுவும் கிடைக்காது.

எதிர்விசை மைனஸில் வந்தால் பதறி அம்புக்குறியைப் பாதியில் அழிக்காதீர்கள். தாங்கிகளுக்கிடையே 4 மீட்டர், வலது தாங்கியைத் தாண்டி 2 மீட்டர் நீட்டம், நீட்ட முனையில் 10 கிலோநியூட்டன் என்றால் வலது எதிர்விசை 15, இடது −5. அதாவது இடது முனை மேலே எழப் பார்க்கிறது. தாங்கி அதைக் கீழே பிடித்திருக்க வேண்டும். சும்மா சுவர்மேல் வைத்தால் பீம் தூக்கிக்கொள்ளும்.

இன்னொன்று பீமின் சொந்த எடை. 230 × 450 மில்லிமீட்டர் ஆர்சிசி (கம்பி வைத்த கான்கிரீட்) பீமுக்கு 0.23 × 0.45 × 25 (கனமீட்டருக்கு அதன் எடை, கிலோநியூட்டனில்), மீட்டருக்கு ஏறக்குறைய 2.6 கிலோநியூட்டன். 6 மீட்டருக்கு 15.5 ஆகிறது, மேலே பார்த்த பாயின்ட் லோடைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வினாவில் ‘எடையற்ற பீம்’ என்று இருந்தால் மட்டும் விடுங்கள்.