பட்டன் நடுவே வாய் பிளக்காத சட்டை: அளவெடுப்பது முதல் காஜா வரை

ஓசூர் சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் வங்கி, ஷோரூம் என்று இருப்பவர்கள் என்று பெண்கள் பலருக்கு ஃபார்மல் சட்டை கட்டாயம். மார்பு சற்றுப் பெரிதாக இருந்தால் அதில் ஒரே தொல்லைதான்: நெஞ்சுப் பக்கம் இரண்டு பட்டனுக்கு நடுவே துணி வாய் பிளக்கும். ஊக்கு குத்திக்கொண்டே நாளை ஓட்டுவோம்.

ரெடிமேட் சட்டைகளைப் பெரும்பாலும் பி கப் (பிராவின் கப் அளவுகளில் ஒன்று) அளவை மனதில் வைத்தே வெட்டுகிறார்கள். அதற்கு மேல் போனால் தோள் சரியாக இருக்கும் சட்டை மார்பில் பிடிக்கும், மார்புக்குச் சரியானது இடுப்பில் தொளதொளக்கும். அதனால் மார்புக்குப் பார்த்து வாங்குங்கள், இடுப்பை டெய்லரிடம் பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் அளவு

சட்டைக்குள் வழக்கமாகப் போடும் பிராவோடு அளவெடுங்கள். மார்பு அதிகம் எடுப்பாக இருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். முதுகில் டேப் கீழே இறங்கக் கூடாது. அதோடு 3 முதல் 4 இன்ச் சேருங்கள். உங்கள் அளவு 40 என்றால் சட்டையின் சுற்றளவு 43, 44 இருக்க வேண்டும். கடையில் சட்டையைப் பட்டன் போட்டு விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்கினால் தெரிந்துவிடும். எல், எக்ஸ்எல் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஆன்லைனில் வாங்கினால் ஒன்றைப் பாருங்கள்: அட்டவணையில் இருப்பது உடம்பின் அளவா, சட்டையின் அளவா? சில தளங்களில் அது, சிலவற்றில் இது.

டிரையல் ரூமில்

அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இதுதான். மார்பு முனை இருக்கும் உயரத்தில் ஒரு பட்டன் இருக்கிறதா? பட்டன்களுக்கு இடையே பொதுவாக 3, மூன்றரை இன்ச் விடுவார்கள். முனை அந்த இடைவெளியின் நடுவில் விழுந்தால் சுற்றளவு போதுமானதாக இருந்தாலும் பிளக்கும்.

அப்புறம் உட்காருங்கள். ஸ்கூட்டி ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் கையை நீட்டுங்கள், தோளைப் பின்னால் தள்ளுங்கள், பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியைப் பாருங்கள். பட்டனிலிருந்து படுக்கையாகச் சுருக்கம் ஓடினால் சட்டை சிறிசு. கைக்குழியிலிருந்து மார்பை நோக்கிச் சாய்வாக ஓடினால் டாட் (வளைவுக்கு ஏற்பத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல்) போதவில்லை. பிரின்சஸ் கட், அதாவது மார்பு வளைவோடு இடுப்பு வரை இறங்கும் நீளத் தையல், உள்ள சட்டை கிடைத்தால் விடாதீர்கள். தோள் தையல் அரை இன்ச் வெளியே இறங்கினால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் கையைப் பிரித்துத் தைக்க வேண்டும், செலவுக்குக் கட்டாது.

துணியில் 2, 3 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் இருந்தால் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். பாலியெஸ்டர் கலப்பு ஓசூர் குளிருக்கு ஒத்துவரும், தருமபுரி ஏப்ரல் வெயிலில் வேண்டவே வேண்டாம். மார்பில் மூடி வைத்த பாக்கெட்டும் வேண்டாம்.

டெய்லரிடம்

காட்டன் சுருங்கும், ஒருமுறை துவைத்துவிட்டுக் கொடுங்கள். என் கருத்தில் பேன்ட் சட்டை தைப்பவரைவிட பிளவுஸ் தைப்பவரே இதற்குத் தோது. மார்புக்கு டாட் பிடிப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. முதுகில் இடுப்பை ஒட்டி இரண்டு நீள டாட் கேளுங்கள். மடிப்பில் அரை இன்ச் பிடித்தால் ஒரு டாட்டுக்கு 1 இன்ச் குறையும், இரண்டுக்கும் 2 இன்ச். பக்கத் தையலை மார்புக்குக் கீழே மட்டும் பிடிக்க வேண்டும்.

லேசான இடைவெளி மிச்சம் இருந்தால் பட்டன்களுக்கு நடுவே உள்பக்கமாக டிச் பட்டன் வைக்கலாம். ஆனால் சட்டையே இறுக்கம் என்றால் அது தாங்காது, துணிதான் கிழியும்.

புதிதாகத் தைப்பதானால்

44 இன்ச் அகலத் துணியில் முழுக்கைக்கு இரண்டேகால் மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதங்களில் போகாதீர்கள், கல்யாண பிளவுஸ் குவியலுக்கு அடியில் உங்கள் சட்டை மாதக்கணக்கில் கிடக்கும். அளவு பிளவுஸ் கொடுத்தால் அப்படியே இறுக்கித் தைத்துவிடுவார்கள். "அக்கா, பிளவுஸ் மாதிரி பிடிக்காதீங்க, மூணு இன்ச் லூஸ் விடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

காஜா (பட்டன் துளை) எடுக்கும் முன் ஒருமுறை போட்டுப் பார்த்து, மார்பு முனை உயரத்தில் சாக்பீஸால் குறி வைக்கச் சொல்லுங்கள். அதுதான் முதல் பட்டன். மற்றவை அங்கிருந்து மேலும் கீழும் போக வேண்டும். பல டெய்லர்கள் காஜாவுக்கு வெளியே கொடுத்துவிடுவார்கள். குறி இல்லாமல் அங்கே போனால் வழக்கமான இடைவெளியிலேயே துளை போட்டு அனுப்பிவிடுவார்கள்.